இருபுறமும் கேட்ட வழக்குரைஞர்

வழக்குரைஞர் தொழில் அறத்தோடு பொருந்துமா என்னும் வினா நெடுங்காலமாகவே எழுப்பப்பட்டு வருகிறது. அதிலும், தொழிலாளிக்கு எதிராக முதலாளியின் பக்கம் நின்று வாதிடும் ஒருவரை நினைத்த மாத்திரத்தில், வலியவனுக்குத் துணைபோகிறவர் என்றே நம் மனம் முடிவுகட்டி விடுகிறது. அவ்வாறு விரைந்து முடிவுகட்டுவது முறையன்று என்பதையும், எத்தொழிலில் இருப்பினும் தன்னிடம் வந்தவரை நல்வழிப்படுத்த ஒருவரால் இயலும் என்பதையும் தம் வாழ்வால் மெய்ப்பித்துச் சென்றவர் அமெரிக்க நாட்டு வழக்குரைஞர் லூயிஸ் டெம்பிட்ஸ் பிராண்டைஸ் ஆவார். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவருடைய வரலாற்றைப் படிக்குங்கால், நம் முன்னோர் இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதங்கள் நம் நினைவில் எழாமல் இரா. ஆதலின் அவர் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பிராண்டைஸ் 1856ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் அடால்ஃப், ஃபிரெடரிக்கா என்போர். ஐரோப்பாவில் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகள் தோல்வியுற்ற பின்னர், பிராக் நகரைவிட்டு அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தினர் அவர்கள். தந்தையார் தானிய வணிகம் செய்து வந்தார். நான்கு மக்களில் லூயிஸே இளையவர். தாய்மாமனாராகிய லூயிஸ் டெம்பிட்ஸ் சிறந்த வழக்குரைஞர். ஆபிரகாம் லிங்கனைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த 1860ஆம் ஆண்டு மாநாட்டில் பங்குகொண்டவர். அவரிடத்துக் கொண்ட மதிப்பால், டேவிட் என்றிருந்த தம் நடுப்பெயரை டெம்பிட்ஸ் என்றே இளைஞர் மாற்றிக் கொண்டார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சில காலம் பயின்று திரும்பிய பிராண்டைஸ், 1875ஆம் ஆண்டு தமது 18ஆம் வயதில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். கண்பார்வை தளர்ந்தமையால் உடன் பயின்றோர் நூல்களைப் படித்துக்காட்ட, கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார். அந்நிலையிலும் 1877ஆம் ஆண்டு வகுப்பில் முதல்வராகத் தேறினார். அப்போது அவருக்கு 21 வயது நிரம்பவில்லை. ஆதலின் பட்டம் வழங்குவதற்கெனவே விதியைத் தளர்த்த நேர்ந்தது. கேள்விச் செல்வத்தின் சிறப்பை நம் முன்னோர் ஏன் அத்துணை வற்புறுத்தினர் என்பது இங்கு நமக்கு விளங்குகிறது. பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் அன்று அவருக்குத் தேவையால் வாய்த்தது. பின்னாளில் அதுவே அவரது தொழிலின் அடித்தளமாயிற்று.

முதலாளிகளின் வழக்குரைஞர்

1879ஆம் ஆண்டு, உடன் பயின்ற சாமுவேல் வாரன் என்பவரோடு சேர்ந்து பாஸ்டன் நகரில் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். வாரன் குடும்பத்தினர் காகித ஆலை உரிமையாளர்கள். அவ்வழியே காகிதம், தோல், காலணி முதலியன செய்யும் ஆலை முதலாளிகள் பலர் பிராண்டைஸை நாடி வந்தனர். வருவாய் பெருகியது. பெரும்பாலான வழக்குரைஞர் ஆண்டுக்கு 5,000 டாலரும் ஈட்ட இயலாதிருந்த அக்காலத்தில், அவர் 50,000 டாலருக்கு மேல் ஈட்டினார் என்பர்.

கட்சிக்காரர் கூறுவதை மட்டும் கேட்டு வாதத்தை அமைப்பது அவர் வழக்கமன்று. ஆலையின் கணக்கு, சரக்கு விற்கும் முறை, வேலையாட்களின் நிலை ஆகிய யாவற்றையும் தாமே ஆராய்வார். கட்சிக்காரர் பக்கம் பிழை இருப்பின், அதனை அவரிடமே எடுத்துரைப்பார். நீதிமன்றத்தில் வெல்வதைக் காட்டிலும் நீதிமன்றத்துக்குச் செல்லாமலே பிணக்கைத் தீர்ப்பது மேல் என்பது அவர் கருத்து.

1892ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு கொடுமை அவர் சிந்தனையைத் திருப்பியது. பென்சில்வேனியா மாநிலத்து ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் கார்னகி எஃகு ஆலைத் தொழிலாளர்க்கும் நிருவாகத்துக்கும் பூசல் மூண்டது. நிருவாகம் ஆலைக் கதவை அடைத்து, கூலிக்கு அமர்த்திய ஆயுதக் காவலர் 300 பேரைப் படகுகளில் ஏற்றி ஆற்றுவழியே அனுப்பியது. ஜூலை 6ஆம் நாள் இருதரப்பினரும் சுட்டுக்கொண்டதில் இருபுறத்தும் உயிர்கள் மாண்டன. அப்போது பிராண்டைஸ் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வணிகச் சட்டம் பற்றிச் சொற்பொழிவாற்ற இருந்தார். செய்தியை அறிந்ததும், தாம் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றவை என உணர்ந்து அவற்றை ஒதுக்கிவிட்டார். பழைய சட்ட நெறிகள் ஆலைத்தொழில் பெருகிய புதிய உலகத்தின் உறவுகளுக்குப் போதமாட்டா என்பது அவருக்குத் தெளிவாயிற்று. கற்பிக்கும் பொறுப்பை ஏற்ற ஒருவர், தாம் கற்பிக்கவிருந்தது போதாதென உணர்ந்ததும் அதனை விடத் துணிந்தது ஆசிரியர் அனைவரும் போற்றத்தக்க செயலாகும்.

காலணி ஆலையில் ஒரு வினா

1902ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை நம் வாசகர்கள் சிறப்பாகக் கருத வேண்டுகிறோம். மெக்கெல்வைன் என்பவர் காலணி ஆலைகள் பல நடத்தியவர், நல்லெண்ணம் உடையவர். வணிகம் மந்தமாயிற்று என்று கூலியைக் குறைக்க அவர் முற்பட்டபோது தொழிலாளர் மறுத்தனர். முதலாளி பிராண்டைஸை அழைத்தார். தம் ஆலையில் நாட்கூலி நல்ல கூலியே என்பது முதலாளியின் வாதம். பிராண்டைஸ் அதனை மறுக்கவில்லை. ஆனால், ஓராண்டில் எத்தனை நாள் அவர்களுக்கு வேலை கிடைக்கிறது, ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு தொழிலாளி பெறுவது எவ்வளவு என்று அவர் வினவினார். முதலாளியிடம் விடை இல்லை. அக்கணக்கை அவர் எடுத்ததே இல்லை.

பிராண்டைஸ் தொழிற்சங்கத் தலைவர் ஜான் டோபின் என்பவரையும் சந்தித்து அவர் தரப்பைக் கேட்டார். உண்மை புலனாயிற்று. காலணி வணிகம் பருவத்தைச் சார்ந்தது. விற்பனைக் காலத்தில் இரவுபகலாக வேலை. ஏனைய காலத்தில் ஆலை உறங்கும். தொழிலாளி வீட்டில் அடுப்பும் உறங்கும். நாட்கூலி உயர்ந்ததாயினும், வேலையற்ற நாட்கள் அதனை விழுங்கிவிட்டன. தொழிலாளர் கூறுவதே சரி என்று, தமக்கு ஊதியம் தந்து அழைத்த முதலாளியிடமே பிராண்டைஸ் உரைத்தார்.

அதோடு நில்லாமல் வழியையும் காட்டினார். வணிகர்கள் கடைசி நேரத்தில் ஆர்டர் கொடுப்பதை மாற்றி, முன்னரே ஆர்டர் பெற்று, குறித்த நாளில் சரக்கை அளிப்பது என்று விற்பனை முறை திருத்தியமைக்கப்பட்டது. அதனால் வேலை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தொழிலாளிக்கு நிலையான வருவாய் கிடைத்தது, முதலாளிக்கும் நட்டமில்லை, ஆலை வளர்ந்தது. மெக்கெல்வைன் 1908ஆம் ஆண்டு இளவயதிலேயே காலமானார். 1912ஆம் ஆண்டு பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பிராண்டைஸ் அவரை எடுத்துக்காட்டாகக் கூறிப் போற்றினார். வணிகமும் மருத்துவம்போல், சட்டம்போல், பிறர் நலம் கருதும் தொண்டாக வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

இங்கு நம் நூல்களை நோக்குவோம். சமந்தபத்ர ஆசாரியர் அருளிய ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்கள் கூறப்படுகின்றன. அறுத்தல், கட்டுதல், அடித்தல் என்பவற்றோடு, மிகுபாரம் ஏற்றுதலும் உணவைத் தடுத்தலும் அங்கே எண்ணப்படுகின்றன. உயிரைப் போக்குவது மட்டுமன்று, தாங்கமாட்டாத சுமையை ஏற்றுவதும், பசித்த வயிற்றைக் காயவிடுவதும் கொல்லாமை நோன்புக்கு இழுக்கு என்பது இதன் கருத்து. மேலும் வியப்பென்னவெனில், மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்துக்குரிய குற்றங்களிலும் அளவுமீறி வேலைவாங்குதலும் மிகுபாரம் ஏற்றுதலும் இடம்பெறுகின்றன. ஒரே தீச்செயலைக் கொடுமையின் பிள்ளையாகவும் பேராசையின் பிள்ளையாகவும் நம் ஆசாரியர் கண்டனர். பருவத்தில் முதுகொடிய வேலைவாங்கிப் பின்னர் மாதக்கணக்கில் பட்டினி போடும் ஆலை முறையில் இவ்விரண்டு குற்றங்களும் கைகோத்து நின்றன அல்லவா?

ஒருபக்கம் சாயாத நோக்கு

பிராண்டைஸ் தொழிலாளரின் கண்மூடித்தனமான ஆதரவாளர் அல்லர் என்பதையும் கூற வேண்டும். 1902ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் பாஸ்டன் நகரில், அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் பெருந்தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் என்பவரோடு அவர் மேடையேறி வாதிட்டார். தொழிற்சங்கங்களும் சட்டப்படி பதிவு பெற்று, தம் செயலுக்கு நீதிமன்றத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்பது பிராண்டைஸின் கட்சி. காம்பர்ஸ் அதனை வன்மையாக மறுத்தார். 1904ஆம் ஆண்டு பாஸ்டன் அச்சக முதலாளிகளின் சங்க விருந்திலும் பிராண்டைஸ் உரையாற்றினார். உடன்படிக்கையை மீறும் சங்கத்துக்குப் பணியலாகாது என்ற அவரே, சங்கத்தை அழிக்க நினைப்பதும் தகாது, வலிமையும் பொறுப்பும் உள்ள சங்கம் முதலாளிக்கும் நன்மையே என்று அம்முதலாளிகளிடம் எடுத்துரைத்தார். கேட்போர்க்கு இனியதை மட்டும் கூறும் வழக்கம் அவரிடம் இல்லை.

ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. ஒருவர் கண்டது உண்மையின் ஒரு பகுதியே என்பது அநேகாந்தம். அது ஏட்டில் இருக்கும் தத்துவம் மட்டுமன்று. கூலிக் கணக்கிலும் வேலைநிறுத்தத்திலும் அதனைக் கைக்கொள்ள முடியும் என்பதைப் பிராண்டைஸின் நடைமுறை காட்டுகிறது.

இக்காலத்தில் பொதுநலன் தொடர்பான வழக்குகளுக்கு ஊதியம் பெறுவதை அவர் விட்டுவிட்டார். அவற்றில் செலவிட்ட நேரத்தால் அலுவலகப் பங்காளிகளுக்கு நேர்ந்த இழப்பைத் தம் கைப்பொருளால் ஈடுசெய்தார். செல்வம் மிகுந்தும் வாழ்க்கை எளிமையாகவே இருந்தது. அவர் வீட்டில் ஆடம்பரப் பொருள்கள் இல்லை. விருந்தினர்க்கும் எளிய உணவே. 1891ஆம் ஆண்டு அவரை மணந்த ஆலிஸ் கோல்டுமார்க் அம்மையார் இவ்வெளிமைக்கு முழுத் துணையாக நின்றார். 1907ஆம் ஆண்டு, ஏழைத் தொழிலாளர் சேமிப்பு வங்கிகளின் வாயிலாகக் குறைந்த செலவில் ஆயுள் காப்பீடு பெறும் சட்டத்தை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிறைவேறச் செய்தார்.

சலவைப் பெண்களின் வழக்கு

பெண்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆலைகளிலும் சலவையகங்களிலும் வேலை செய்யலாகாது என ஆரிகன் மாநிலம் 1903ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. அதனை மீறியதற்காகச் சலவையக உரிமையாளர் முல்லர் என்பவருக்குப் பத்து டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். இம்முறை பிராண்டைஸ் முதலாளியின் பக்கம் நிற்கவில்லை. சட்டத்தைக் காக்க மாநிலத்தின் பக்கம் நின்றார். அவர் அளித்த 113 பக்க வாதவுரையில் சட்டம் பற்றியது ஏறத்தாழ இரண்டு பக்கமே. எஞ்சியவை மருத்துவர், தொழிற்சாலை ஆய்வாளர் முதலியோர் பல நாடுகளில் கண்டறிந்த உண்மைகள். அவற்றைத் திரட்டியவர் அவர் மனைவியின் தங்கை ஜோசஃபின் கோல்டுமார்க் அம்மையாரும் உடன் உழைத்த மகளிருமே. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சட்டம் செல்லும் எனத் தீர்த்தனர்.

இவ்வெற்றியில் ஒரு குறையும் இருந்தது. பெண் உடலால் மெலிந்தவள் என்னும் அடிப்படையில் தீர்ப்பு அமைந்தமையால், பின்னாளில் அக்காரணத்தையே காட்டிப் பெண்களுக்குப் பல வேலைகள் மறுக்கப்பட்டன. இரக்கத்தின் பெயரால் இடப்படும் வேலியும் வேலியே என்பதைப் பெண்களாகிய நாம் நன்கறிவோம். நல்லோர் செயலையும் நிறையும் குறையும் சீர்தூக்கிப் பார்ப்பதே நடுவுநிலைமை.

நியூயார்க் நகரத்து உடன்படிக்கை

1910ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நியூயார்க்கில் பெண்களுக்கான மேலங்கி தைக்கும் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். இருட்டறைகளில் நெடுநேரம் உழைத்தவர்கள் அவர்கள். தையல் இயந்திரத்துக்கான மின்சாரச் செலவைக்கூடத் தொழிலாளி தலையில் ஏற்றிய முதலாளிகள் இருந்தனர். பாஸ்டன் நகரத்து வணிகரும் பிராண்டைஸின் நெடுநாள் கட்சிக்காரருமாகிய லிங்கன் ஃபைலீன் அவரைச் சமரசம் செய்ய அழைத்தார். முதலாளிகளுக்கு ஜூலியஸ் ஹென்றி கோகனும் தொழிலாளர்க்கு மேயர் லண்டனும் வழக்குரைஞர்களாக இருந்தனர்.

கூலி, நேரம் முதலியவற்றில் இணக்கம் காண முடிந்தது. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு வைக்க வேண்டும் என்பதில் தொழிலாளர் உறுதியாயினர்; முதலாளிகள் அப்பேச்சையே கேட்க மறுத்தனர். பிராண்டைஸ் ஒரு நடுவழி கூறினார். தகுதி ஒத்திருப்பின் சங்கத்தாருக்கே முன்னுரிமை. தகுதியுடைய சங்கத்தார் கிடைக்காதபோது பிறரை அமர்த்தலாம். முதலில் இருதரப்பும் இதனை ஐயுற்றன. பேச்சு முறிந்தது, வாரங்கள் கழிந்தன. இறுதியில் செப்டம்பர் 2ஆம் நாள் இவ்வடிப்படையிலேயே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வாரத்துக்கு 50 மணி நேர வேலை, மின்சாரச் செலவு முதலாளியுடையது, ஆண்டுக்குப் பத்து விடுமுறை நாட்கள், பணியிடத் தூய்மையைக் கண்காணிக்க இருதரப்பும் பொதுமக்களும் சேர்ந்த குழு, பிணக்குகளைத் தீர்க்க நடுவர் குழு என்பன அதில் அடங்கும். நடுவர் குழுவின் தலைவராகப் பிராண்டைஸே அமர்ந்தார்.

இவ்வுடன்படிக்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை; 1916ஆம் ஆண்டில் முறிந்து போயிற்று. எனினும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து விதிகளை வகுக்க முடியும் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று.

நீதிபதி

1916ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், பிராண்டைஸை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்ட் உள்ளிட்டு, வழக்குரைஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர் எழுவர் அவர் தகுதியற்றவர் என்றனர். அவர் யூதர் என்பதும் பலர் மனத்தை உறுத்தியது. காலணி இயந்திரக் குழுமம் ஒன்றுக்கு முன்னர் ஆலோசகராக இருந்துவிட்டுப் பின்னர் அதனை எதிர்த்தார், ஒருவர்க்கு வழக்குரைஞராக இருந்துகொண்டே இருதரப்புக்கும் நன்மை தேட முயன்றார் என்பன போன்ற குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. எக்குணத்தை நாம் இதுகாறும் போற்றினோமோ, அதுவே அவர் மீது குற்றமாகச் சுமத்தப்பட்டது. நான்கு திங்கள் விசாரணைக்குப் பின், ஜூன் 1ஆம் நாள் 47க்கு 22 என்ற வாக்குகளால் நியமனம் உறுதியாயிற்று. அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் அவரே.

1921ஆம் ஆண்டு, தம்மை எதிர்த்த டாஃப்ட் தலைமை நீதிபதியாக வந்தார். அவ்வாண்டே அரிசோனா உணவுவிடுதி மறியல் வழக்கில், அமைதியான மறியலைத் தடையாணையால் தடுக்கலாகாது என்ற மாநிலச் சட்டத்தை டாஃப்ட் செல்லாதென எழுத, பிராண்டைஸ் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். 1926ஆம் ஆண்டு வழக்கொன்றிலோ, எக்காரணத்துக்கும் வேலைநிறுத்தம் செய்யும் எல்லையற்ற உரிமை எவருக்கும் இல்லை என்று அவரே எழுதினார். 1937ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநில வழக்கில், அமைதியான மறியலுக்கு இடமளிக்கும் சட்டம் செல்லும் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பும் அவர் கையாலேயே வந்தது. ஒருபக்கம் சாயாத அதே நோக்கு இறுதிவரை அவரிடம் இருந்தது.

1939ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஓய்வு பெற்ற பிராண்டைஸ், 1941ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வாஷிங்டன் நகரில் காலமானார். பிறந்த ஊராகிய லூயிவில் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் முகப்பு மண்டபத்தின் கீழ் அவரது சாம்பல் வைக்கப்பட்டுள்ளது. 1948ஆம் ஆண்டு மாசசூசெட்ஸில் தோன்றிய பிராண்டைஸ் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது.

நாம் கொள்ளத்தக்கது

நம் குடும்பங்கள் பலவற்றில் உழவே வழிவழி வந்த தொழில். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேடுவோம்; வேலை முடிந்தபின் அவர்கள் எவ்வாறு உண்கின்றனர் என எண்ணுவோர் சிலரே. இன்று நம் பிள்ளைகள் கடை வைத்தும் தொழிற்கூடம் நடத்தியும் பலருக்கு வேலை தருகின்றனர். வீட்டு வேலைக்கு ஆள் வைக்காத இல்லம் நகரங்களில் குறைவு. பொழுது சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, சிற்றுயிரையும் காக்கும் நாம், நம்மிடம் உழைப்போர் சுமையையும் பசியையும் கணக்கில் கொள்கிறோமா? நாட்கூலி இவ்வளவு தருகிறோம் என்று கூறுவது எளிது. ஆண்டில் எத்தனை நாள் தருகிறோம் என்னும் பிராண்டைஸின் வினாவுக்கு விடை கூறுவது அரிது. அவ்வினாவை நம் இல்லத்திலும் கழனியிலும் கடையிலும் நாமே எழுப்பி, விடையை ஏட்டில் எழுதிப் பார்ப்போமாக. அணுவிரதம் அங்கிருந்தே தொடங்குகிறது.

அறம் வளர்க!